கல்வாய்ச்சியும் மரப்பொருத்தும்

மரத்தில் துளையிட்டு, அத்துளைக்கு ஒப்ப முளை செதுக்கிப் பொருத்தும் தச்சுநுட்பம், உலோகக் கருவி தோன்றிய பின்னரே எழுந்தது எனப் பலரும் கருதி வந்தனர். அக்கருத்து இனி நிற்றற்கில்லை. செருமனி நாட்டுச் சாக்சனிப் பகுதியில், இலைப்சிக் நகரை அடுத்த வட்டாரத்தே அகழப்பெற்ற நான்கு கிணறுகள் இதற்குச் சான்றாகும். அவற்றின் ஓக்கு மரங்கள் 151, கி.மு. 5469-க்கும் 5098-க்கும் இடைப்பட்டவை என்பதை ஆண்டு வளையங்களால் கணித்து 2012-இல் அறிஞர் வெளியிட்டனர். அவ்வுழவர் கையில் இருந்தது கல்வாய்ச்சியே.

அல்டுசெர்பிட்சுக் கிணற்றின் அடிச்சட்டம் ஊன்றி நோக்கற்பாலது. ஒரு மரத்தின் நுனியை முளையாகக் குறைத்து, மற்றொன்றின் துளையூடே செலுத்தி, வெளிப்போந்த பகுதியில் மீண்டும் துளையிட்டு ஆப்பு இறுக்கியுள்ளனர். ஆப்பு இறங்குந்தோறும் மூட்டு நெருங்கும், ஆணி வேண்டுவதில்லை. மேலடுக்கு மரங்களோ மூலைதோறும் வெட்டுவாய் பெற்று ஒன்றையொன்று கவ்விக் கிடக்கின்றன. வன்மரமாகிய ஓக்கைக் கல்லால் இங்ஙனம் செதுக்கல் ஒல்லுமோ எனின், ஒல்லும். பசுமரம் உலர்மரத்தினும் எளிதில் வெட்டுப்படும் என்பதை எந்தத் தச்சரும் கூறுவர்.

நிலத்தடி நீரில் காற்றுப்படாது கிடந்தமையால் இவை எஞ்சின. கறையான் மிக்க நம் நாட்டு மண்ணில் இத்தகைய நல்லூழ் அரிது. பிறவிடங்களில் கல் எஞ்சியது, மரம் மட்கியது. ஆகலின் 'கற்காலம்' என்னும் பெயர் நிலைத்தது. அக்கல்வாய்ச்சி மரத்தின் பொருட்டே தீட்டப்பட்டது என்பதனை அப்பெயர் மறைக்கின்றது.