கடைசி இரண்டு படம்

பழைய பிலிம் காமிராவின் மேல் பித்துக் கொண்ட நண்பர் ஒருவர் போன வாரம் வந்தார். 100 அடிச் சுருளாகப் பிலிமை வாங்கி, வீட்டிலேயே சிறு டப்பாக்களில் சுற்றிக்கொள்ளும் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் எது நல்லது என்று கேட்டார். ஒரு சுருளில் 36 படம் கொண்ட டப்பா 18 வரை தேறும், காசு மிச்சம்.

இது கஞ்சர்களின் உபாயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆதியில் இதுதான் வழி. எடிசனிடம் வேலை பார்த்த டிக்ஸன், 1890-களின் தொடக்கத்தில் 70 மில்லிமீட்டர் பிலிமை நெடுக இரண்டாகப் பிளந்தார். சினிமாவுக்கு 35 மில்லிமீட்டர் சுருள் பிறந்தது. ஜெர்மனியில் ஆஸ்கார் பர்னாக் அந்தச் சினிமாப் பிலிமுக்கென்றே ஒரு சின்னக் காமிரா செய்தார். 1925-ல் லைப்ஸிக் சந்தையில் அது ‘லைக்கா’ என்று அரங்கேறியது. வாங்கியவர்கள் இருட்டறையில் உட்கார்ந்து தாங்களே பிலிம் சுற்றிக்கொண்டார்கள். சுற்றி முடித்த டப்பாவைக் கோடக் கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது 1934-ல்தான்.

நம் சர்க்காரும் 1960-ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, உதகமண்டலத்தில் ஆலை வைத்தது. அங்கே செய்த பிலிமுக்கு ‘இந்து’ என்று பெயர். இந்து என்றால் சந்திரன். வெள்ளியுப்புப் பூசிய சரக்குக்குப் பொருத்தமான பெயர்தான். அந்த ஆலையும் நலிந்து, 2010-களில் மூடப்பட்டுவிட்டது.

பிலிமுக்குப் பரம சத்துரு தூசி. ஊட்டியில் அது குறைவு. திருநெல்வேலியில் ஆனி, ஆடிக் காற்று வீசும்போது சோற்றிலேயே மண் விழும். ஆகவே பெட்டி வாங்குகிறவர் முதலில் அதன் வாயைப் பார்க்க வேண்டும். ஒரு ஜாதியில் பிலிம் வெல்வெட் போன்ற துணியை உரசிக்கொண்டு வெளியே வரும். வெளிச்சம் புகாது, ஆனால் துணியில் ஒரு மணல் ஒட்டினால் சுருள் முழுவதும் கீறல். இன்னொரு ஜாதியில் மூடியைப் போட்டபின் கதவு திறக்கும். கீறல் இல்லை, ஆனால் கதவை மூட மறந்தால் சுருளே போச்சு. தூசி ஊர்க்காரர் கதவையும், மறதிக்காரர் துணியையும் வாங்கலாம்.

எந்த ஜாதியானாலும் ஒரு நஷ்டம் உண்டு. பிலிமின் நுனியை வெளிச்சத்தில்தான் டப்பாவின் கட்டையில் ஒட்ட வேண்டும். அந்த நுனியே காமிராவில் கடைசியாக வரும்.

ஜங்ஷன் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த என் சித்தப்பா, “எல, கடைசி ரெண்டும் சூரியனுக்கு அளக்குற படி. முப்பத்துநாலோட நிறுத்திரணும்” என்பார்.

1990-ல் எனக்குப் பத்து வயது. குறுக்குத்துறைப் படித்துறையில் தாத்தா குளித்துக் கரையேறினார். அதற்கு முன்னெல்லாம் காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அன்று ஈரத் துண்டோடு நின்று, “எடுடா” என்று சிரித்தார். எண்ணைப் பார்த்தேன்: 35. நாமென்ன, 36 வரைக்கும்தான் இருக்கிறதே என்று எடுத்தேன்.

கழுவிப் பார்த்தபோது அந்த இடம் கரிக்கட்டையாக இருந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டை வெட்டி என் கையில் கொடுத்தார். மார்கழியில் தாத்தா போய்விட்டார்.

நண்பரிடம் துணியையும் கதவையும் பற்றிச் சொன்னேன். பிறகு, “எதை வாங்கினாலும் 34-ல் நிறுத்திவிடுங்கள், வேண்டியவர்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள்” என்றேன்.