எரிவளி பீத்சா அடுப்பு

எரிவளி பீத்சா அடுப்பு என்பது நீர்மப் பெட்ரோலிய வளியை எரித்து, அவ்வெப்பத்தால் ஒரு கல் தளத்தையும் அதன் மேலுள்ள கூரையையும் சூடாக்கிப் பீத்சா, ரொட்டி முதலியவற்றைச் சுடப் பயன்படும் திறந்தவெளி அடுப்பு ஆகும். வீட்டு முற்றம், மொட்டை மாடி, தோட்டம் போன்ற இடங்களில் இது பயன்படுத்தப்படுகிறது. அமைப்பிலும் பழுதுகளிலும் இது வீட்டுச் சமையலறையின் கேஸ் அடுப்பைப் பெரிதும் ஒத்தது. எனினும் வெயில், மழை, காற்று, பூச்சிகள் ஆகியவற்றுக்கு ஆட்படுவதாலும் மிகுந்த வெப்பத்தில் இயங்குவதாலும் இதற்கெனச் சில தனிப் பழுதுகள் உண்டு. இப்பழுதுகளுள் பல வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை. சிலவற்றை வீட்டில் தொடுவது உயிருக்கே ஆபத்தானது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே பழுதுநீக்கத்தின் முதற்படி ஆகும்.

வரலாறு

பீத்சா இத்தாலியின் நேப்பிள்சு நகரில் விறகு அடுப்பில் சுடப்பட்டு வந்த உணவாகும். அந்நகரப் பீத்சா சுடும் கலை 2017 இல் யுனெசுக்கோவின் புலனாகா பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கு அடுப்பின் வெப்பநிலை 400 பாகை செல்சியசுக்கு மேல் இருப்பதால் பீத்சா ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. வீட்டு மின்னடுப்புகள் பெரும்பாலும் 250 பாகையைத் தாண்டுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே சிறிய திறந்தவெளி அடுப்புகள் தோன்றின. இசுக்காட்லாந்தில் 2012 இல் தொடங்கப்பட்ட ஊனி நிறுவனம் முதலில் மரத்தூள் வில்லைகளால் எரியும் அடுப்பை விற்றது. எரிவளியால் இயங்கும் வகைகள் பின்னர் வந்தன.

இந்தியாவில் சமையல் எரிவளி 1950களின் நடுவில் மும்பையில் அறிமுகமாயிற்று. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் இணைப்பு 1965 இல் கொல்கத்தாவில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவளி அடுப்பும் இணைப்பும் வழங்கப்பட்டன. நடுவண் அரசின் உச்சுவலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. இவற்றால் சிற்றூர்களிலும் சிலிண்டர் பொதுவான பொருளாயிற்று.

எரிபொருளின் இயல்புகள்

நீர்மப் பெட்ரோலிய வளி என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை ஆகும். புரொப்பேன் -42 பாகையிலும் பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகையிலும் கொதிக்கின்றன. இவ்வளிக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை அறிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது.

இது காற்றை விட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே கசியும் வளி மேலெழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். திறந்தவெளியில் கசிந்தால் ஆபத்து இல்லை என்பது தவறான எண்ணம். முற்றத்தில் உள்ள நிலத்தடி நீர்த்தொட்டி, சாக்கடை, மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவற்றில் அது தங்கி நிற்கும். காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9.5 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், அது தீப்பற்றிவிடும்.

அமைப்பு

எரிவளி செல்லும் வழியை வரிசையாக நினைவில் கொண்டால் பழுதின் இடத்தை எளிதில் கண்டறியலாம்.

சிலிண்டர்: இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு 14.2 கிலோகிராம் சிவப்புச் சிலிண்டரும், வணிகப் பயன்பாட்டுக்கு 19 கிலோகிராம் நீலச் சிலிண்டரும் வழங்கப்படுகின்றன. 5 கிலோகிராம் சிறு சிலிண்டரும் கிடைக்கிறது.

ரெகுலேட்டர்: சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்குவது. இந்திய வீட்டு ரெகுலேட்டர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் விசை, அதாவது ஏறத்தாழ 29 மில்லிபார் அழுத்தத்தில் வளியைத் தரும்.

ரப்பர் குழாய்: எண்ணெய் நிறுவனங்கள் வழங்கும் கம்பி வலையிட்ட சுரக்சா குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் நீளம் 1.5 மீட்டருக்கு மேற்படலாகாது.

திருகு வால்வும் ஜெட்டும்: ஜெட் என்பது நுண்ணிய துளையுள்ள பித்தளைத் துண்டு. அடுப்பின் ஆற்றலை நிர்ணயிப்பது இத்துளையே.

கலவைக் குழாய்: ஜெட்டிலிருந்து விரைந்து வரும் வளி, பக்கத் துளைகள் வழியே காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்லும். 1850களில் செருமனியில் உருவான புன்சன் எரிகலனின் கோட்பாடும் இதுவே. ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், பியூட்டேன் எரிய 31 பங்கு காற்றும் தேவை.

பர்னர்: தீ எழும் பகுதி. பீத்சா அடுப்பில் இது பின்புறத்திலோ பக்கத்திலோ அமைந்து, தீயைக் கூரையின் மீது உருளச் செய்கிறது.

பொறியூட்டி: அழுத்தும்போது மின்னழுத்தம் தோற்றுவிக்கும் படிகத்தால் இயங்குவது. இவ்விளைவை பியேர் கியூரியும் அவர் தமையன் சாக் கியூரியும் 1880 இல் கண்டறிந்தனர்.

வெப்ப இரட்டை: தீ அணைந்தால் வளியை நிறுத்தும் காப்பு. இரு வேறு உலோகங்களின் இணைப்பு சூடாகும்போது சிறு மின்னோட்டம் தோன்றும் என்பதை 1821 இல் சீபெக் கண்டார். அம்மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்தபடி வைத்திருக்கும். தீ அணைந்து முனை குளிர்ந்தவுடன் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

வெளிநாட்டு அடுப்பும் இந்தியச் சிலிண்டரும்

அடுப்பின் அடியிலோ பின்புறத்திலோ உள்ள தகட்டில் அது எந்த வளிக்கு, எந்த அழுத்தத்துக்கு உரியது எனப் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளில் பியூட்டேனுக்கு 28 - 30 மில்லிபாரும் புரொப்பேனுக்கு 37 மில்லிபாரும் வழக்கம். செருமனி, ஆசுத்திரியா, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் 50 மில்லிபார் வழக்கத்தில் உள்ளது. அமெரிக்க அடுப்புகள் ஏறத்தாழ 27 மில்லிபாரில் இயங்குவன.

முதல் வகையும் அமெரிக்க வகையும் இந்திய வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தத்துக்கு நெருங்கியவை. 50 மில்லிபார் அடுப்பு இந்திய ரெகுலேட்டரில் மெலிந்த தீயையே தரும். இது பழுது அன்று, பொருத்தமின்மை ஆகும். இதற்கு ஜெட்டின் துளையைப் பெரிதாக்குவதோ, உணவகப் பெரிய அடுப்புகளுக்குரிய உயர் அழுத்த ரெகுலேட்டரை இணைப்பதோ தீர்வாகாது. தயாரிப்பாளர் தரும் உரிய ஜெட்டையே பொருத்த வேண்டும். சமையலறை இணைப்பின் குழாயைக் கிளை பிரித்து முற்றத்துக்குக் கொண்டு செல்வதும் தவறு.

பழுதுகளும் காரணங்களும்

தீப்பற்றாமை: முதலில் வளி வருகிறதா, பொறி வருகிறதா என இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொறி வந்தும் பற்றாவிடில் வளி வரவில்லை அல்லது பொறி முனை விலகியுள்ளது எனக் கொள்ளலாம். பொறி முனைக்கும் பர்னருக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளியே இருக்க வேண்டும். முனையின் வெண்பீங்கான் உறை விரிசல் கண்டால் பொறி வேறிடத்தில் பாயும். மழைக்குப் பின் ஈரத்தால் பொறி எழாதிருப்பதும் உண்டு; உலர்ந்ததும் அது சரியாகிவிடும். மின்கலம் உள்ள வகையில் முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒருமுறை பற்றாவிடில் திருகை மூடி, ஐந்து நிமிடமாவது காத்திருந்த பின்னரே மறுபடி முயல வேண்டும். அடுப்பின் குகைக்குள் தேங்கிய வளி ஒரே நேரத்தில் பற்றினால் முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும்.

கையை எடுத்ததும் அணைதல்: திருகை அழுத்திப் பிடித்திருக்கும்போது எரிந்து, விட்டதும் அணைந்தால் வெப்ப இரட்டையே பெரும்பாலும் காரணம். முனை சூடாகப் பத்து முதல் இருபது நொடிகள் வரை பிடித்திருக்க வேண்டும். அதன் பின்னும் அணைந்தால் முனை தீக்குள் நிற்கிறதா எனப் பார்த்து, கரியை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, வால்வுப் பக்கத்து மரையைக் கையால் இறுக்கிப் பார்க்கலாம். இவற்றால் சரியாகாவிடில் வெப்ப இரட்டையை மாற்ற வேண்டும்.

தீ மெலிதல்: சிலிண்டர் தீர்ந்திருத்தல், குழாய் மடங்கியிருத்தல், ஜெட் அடைபட்டிருத்தல் ஆகியவை காரணங்கள். அமெரிக்க வகை ரெகுலேட்டரில் இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பின் திருகு திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தால், குழாய் அறுந்துவிட்டதாகக் கொண்டு ரெகுலேட்டர் வளியைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் கழித்துச் சிலிண்டரை மெதுவாகத் திறந்தால் இது நீங்கும்.

மஞ்சள் தீயும் கரியும்: கூரையில் உருளும் தீயின் நுனி சற்று மஞ்சளாக இருப்பது இவ்வடுப்புகளில் இயல்பே. கல்லிலும் கூரையிலும் கரி படிந்தால் மட்டுமே பழுது எனக் கொள்ள வேண்டும். காற்று போதாமையே இதன் காரணம். பல வாரங்கள் பயன்படுத்தாத அடுப்பில் சிலந்தி வலையோ குளவியின் மண்கூடோ கலவைக் குழாயை அடைத்திருக்கும். அடுப்பு ஆறியபின், சிலிண்டரைக் கழற்றிவிட்டு, குழாயை மென்தூரிகையால் துடைக்க வேண்டும். காற்றுக் குறைவால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது நிறமும் மணமும் அற்ற நச்சு வளி. மழைக்கு ஒதுங்குவதற்காக இவ்வடுப்பை வீட்டினுள்ளோ மூடிய கொட்டகையினுள்ளோ எரிப்பது உயிரைப் போக்கக் கூடியது.

தீ பின்வாங்குதல்: பர்னரில் எரிய வேண்டிய தீ, கலவைக் குழாய்க்குள் புகுந்து ஜெட்டின் அருகே இரைச்சலுடன் எரிவது. குழாயில் அடைப்பு, மிகக் குறைந்த அழுத்தம், வாயில் நேரே புகும் காற்று ஆகியவை காரணங்கள். உடனே சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறிய பின்னரே காரணம் தேட வேண்டும்.

சிலிண்டர் பனித்தல்: 4 கிலோவாட் அடுப்பு ஒரு மணிக்கு ஏறத்தாழ 310 கிராம் வளியை எரிக்கும். நீர்மம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்கிறது. சிறு சிலிண்டரில் இக்குளிர்ச்சி மிகுதியாகி, வெளியே ஈரம் படிந்து, அழுத்தம் குறையும். சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, சாய்ப்பது, படுக்க வைப்பது ஆகியவை கூடாது. படுத்த சிலிண்டரிலிருந்து நீர்மமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்து தீ பன்மடங்கு எழும். பெரிய சிலிண்டரைப் பயன்படுத்துவதே தீர்வாகும்.

கல் விரிசல்: ஈரமான கல்லை விரைந்து சூடாக்குவதும், சூடான கல்லின் மீது நீர் படுவதும் காரணங்கள். சோப்பு நீரைக் கல் உறிஞ்சுவதால் கல்லைக் கழுவலாகாது. கறையை எரித்தே போக்க வேண்டும். துண்டுகள் அசையாதிருந்தால் மெல்லிய விரிசல் சுடுவதற்குத் தடையாகாது.

கசிவுச் சோதனை

ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றிய பின்னும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வளர்ந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியால் சோதிப்பது கூடவே கூடாது.

இந்தியச் சிலிண்டர்களில் மிகுதியாகக் காணப்படும் கசிவு, வால்வின் உள்ளே இருக்கும் வாசர் எனப்படும் ரப்பர் வளையம் தேய்வதாலோ நழுவுவதாலோ நேர்வது. ரெகுலேட்டரைப் பொருத்தியதும் சீறும் ஒலி கேட்டால், அதைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை இட்டு முகவரை அழைக்க வேண்டும். ஊசி, திருப்புளி கொண்டு வால்வைக் குத்துவது பெருங்கசிவை உண்டாக்கக் கூடும். இந்தியா முழுவதும் எரிவளிக் கசிவுக்கான அவசரத் தொலைபேசி எண் 1906 ஆகும். கசிவின்போது மின் விசைகளைப் போடுவதோ அணைப்பதோ கூடாது.

வீட்டில் செய்யத் தகாதவை

வெப்ப இரட்டையை நீக்கிவிட்டு வால்வை நிலையாகத் திறந்து வைப்பது இவ்வடுப்புகளில் செய்யப்படும் மிக ஆபத்தான மாற்றமாகும். பலத்த காற்றில் தீ அணைந்தால், பகல் வெளிச்சத்தில் அது எளிதில் தெரியாது. வளி தொடர்ந்து வெளியேறித் தரையில் படரும். ஜெட்டை ஊக்கு, தையல் ஊசி ஆகியவற்றால் குத்துவதும் அதற்கு ஒப்பானது. பித்தளை மென்மையானதாகையால் துளை விரிந்துவிடும். அடைப்பை வாயால் ஊதியோ சோப்பு நீரில் ஊறவைத்தோ நீக்க வேண்டும். நீங்காவிடில் புதியது வாங்க வேண்டும். ரெகுலேட்டரைப் பிரிப்பதும் தகாது.

குந்தாரப்பள்ளி - ஓசூர் பகுதியின் நிலைமைகள்

குந்தாரப்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். இதன் கால்நடை வாரச்சந்தை பெயர் பெற்றது. இங்கிருந்து கருநாடக எல்லை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் உயர்ந்து, ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சென்னையில் நீலமாக எரிந்த அடுப்பு ஓசூரில் சற்று மஞ்சளாக எரியலாம். காற்றுத் துளையின் மூடியைச் சிறிது திறப்பதே இதற்குப் போதுமானது.

மார்கழி, தை மாத இரவுகளின் குளிரில் சிறு சிலிண்டரின் அழுத்தம் விரைவில் குறையும். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேல்காற்று வலுத்து வீசுவதால், அடுப்பின் வாயில் காற்று நேரே புகாதவாறு திசை பார்த்து வைக்க வேண்டும். காற்றுத் தடுப்பு வைக்கும்போது பர்னரின் காற்று வழியையோ சிலிண்டரைச் சுற்றியுள்ள இடத்தையோ அடைக்கலாகாது.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையும் கடைசல் பட்டறைகளும் உள்ளதால் தாங்கி, கால், மூடி போன்ற உலோகப் பாகங்களைச் செய்து கொள்ளுதல் எளிது. ஆயினும் ஜெட், வால்வு, ரெகுலேட்டர் ஆகிய வளி செல்லும் பாகங்களைப் பட்டறையில் கடைந்து பொருத்தலாகாது. வீட்டுச் சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளதால், சாலையோரத்தில் பீத்சா சுட்டு விற்போர் 19 கிலோகிராம் வணிகச் சிலிண்டர் போன்ற வணிக இணைப்பையே பெற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

நீர்மப் பெட்ரோலிய வளி
புன்சன் எரிகலன்
வெப்ப இரட்டை
கார்பன் மோனாக்சைடு
பீத்சா