பூட்ஸுக்குள் வைத்த பணம்: நார்தர்ன் லீக்கும் அமெச்சூர் கால்பந்தும்

இன்றும் நடந்துவரும் கால்பந்து லீக்குகளில் உலகிலேயே இரண்டாவது பழமையானது இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நார்தர்ன் லீக். ஃபுட்பால் லீக் பிறந்த மறு ஆண்டே, 1889இல், டார்லிங்டன் அணியின் செயலாளர் சார்லஸ் கிரேவன் டர்ஹாம் நகரில் கூட்டிய கூட்டத்தில் இது உருவாயிற்று. இந்த லீக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: வாரமெல்லாம் நிலக்கரி வெட்டியவர்கள் சனிக்கிழமையன்று காசு வாங்காமல் ஆடினார்கள், 1974இல் அமெச்சூர் என்ற பிரிவே ஒழிக்கப்பட்டதும் அந்தப் பொற்காலம் முடிந்தது. கதையின் முற்பாதி, பிற்பாதி இரண்டுமே கேள்விக்குரியவை.

முதலாவது, லீக் அமெச்சூர் கொள்கையோடு பிறக்கவில்லை. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது 1885லேயே சட்டபூர்வமாகிவிட்டது. 1891 முதல் 1893 வரை தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்ற மிடில்ஸ்பரோ அயர்னோபொலிஸ் சம்பளம் கொடுத்து ஆள் எடுத்த அணி. பின்னாளில் நியூகாசில் யுனைடெட் ஆன அணியும் மிடில்ஸ்பரோவும் இங்கேதான் ஆடின. வசதி வந்ததும் ஃபுட்பால் லீக்கிற்குப் போய்விட்டன. எஞ்சியவை சிற்றூர் அணிகள். இனி அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் என்ற முடிவு 1906இல்தான் வந்தது. பெரிய நகரங்களோடு பணத்தில் மல்லுக்கட்ட முடியாதவர்கள் தேடிக்கொண்ட ஒதுங்கிடம் அது. கொள்கைப் பற்று பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கொள்கையின் ஊற்றுக்கண் வேறிடம். பிஷப் ஆக்லண்ட் அணி இன்றும் அடர்நீலமும் வெளிர்நீலமும் கலந்த சட்டைதான் அணிகிறது. ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் நிறம், மற்றது கேம்பிரிட்ஜின் நிறம். ஆயர் மாளிகையில் இறையியல் படிக்க வந்த பல்கலைக்கழக இளைஞர்கள் 1880களில் அந்த ஊரில் கால்பந்தை ஊன்றிய காலத்துச் சின்னம் அது. சொத்து வருமானம் உள்ளவனுக்கு ஆடிப் பணம் வாங்காமல் இருப்பது எளிது. ஒரு ஷிப்ட் போனால் ஒரு நாள் கூலி போகும் சுரங்கத் தொழிலாளிக்கு அதே விதி வேறு பொருள் தரும்.

எனவே விதி ஏட்டில் இருந்தது, பணம் பூட்ஸில் இருந்தது. ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு வருகிறவனின் பூட்ஸுக்குள் யாரோ ஒரு தொகையை வைத்திருப்பார்கள். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. கணக்கில் ஏறினால் ‘பயணச் செலவு’. ஊருக்கே தெரிந்த இந்த ரகசியத்தின் மீது டர்ஹாம் கால்பந்துச் சங்கம் 1928இல் பாய்ந்தது. க்ரூக் டவுன் அணி தண்டிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு மாவட்டத்தில் அத்தனை பேர் பிடிபட்டார்கள் என்றால் அதைத் தனிமனித ஒழுக்கக் கேடு என்று சொல்வதில் பொருளில்லை. விதிதான் அந்த ஊர்களின் வாழ்க்கைக்குப் பொருந்தாதது.

பணமே வாங்காதவர்களும் கடனிலிருந்து தப்பவில்லை. தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் பெயரிலான கோப்பைக்கு 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் சார்பில் போனது வெஸ்ட் ஆக்லண்ட் என்ற சுரங்க ஊரின் அணி. ஸ்டுட்கார்ட் அணியையும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரையும் வென்று கோப்பையோடு திரும்பியது. 1911இல் மீண்டும் போய் இறுதி ஆட்டத்தில் யுவெண்டஸை 6-1 என்று தோற்கடித்தது. பயணச் செலவு கழுத்தை நெரிக்க, அந்தக் கோப்பையையே உள்ளூர் விடுதிக்காரப் பெண்மணியிடம் 40 பவுனுக்கு ஈடு வைத்தார்கள். மீட்க 1960 ஆயிற்று. அப்போது கொடுத்தது 100 பவுன். 1994இல் அது திருடு போய்விட்டது, இப்போது இருப்பது நகல். லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கியவர். ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தன்ன தோட்டம் அவருடையது. மலையகத் தமிழர் கொழுந்து பறித்து ஈட்டித் தந்த செல்வத்தில் ஒரு துளி இப்படி டர்ஹாம் விடுதியின் அடகுப் பொருளாகக் கிடந்தது என்பதைக் கால்பந்து வரலாற்று நூல்கள் சொல்வதில்லை.

லீக்கின் உச்சம் 1950கள். 1954 அமெச்சூர் கோப்பை இறுதியில் மோதிய க்ரூக்கும் பிஷப் ஆக்லண்டும் ஐந்தாறு மைல் இடைவெளியிலுள்ள ஊர்கள். வெம்ப்ளியில் 1 லட்சம் பேர் பார்க்க 2-2. நியூகாசிலில் நடந்த மறு ஆட்டமும் 2-2. மிடில்ஸ்பரோவில் மூன்றாம் முறை மோதியபோது 1-0 என்று க்ரூக் வென்றது. பிஷப் ஆக்லண்ட் சளைக்கவில்லை. 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் அதே கோப்பையைத் தொடர்ந்து வென்றது.

ஆனால் அந்த மூன்று கோப்பைகளை வென்றவர்களைச் சுரங்கத்தில் தேடினால் ஏமாற்றம்தான். ஷேமஸ் ஓ’கானல் கார்லைலைச் சேர்ந்த மாட்டு வியாபாரி. அமெச்சூராகவே செல்சீக்கு ஆடப்போய், முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். வாரன் பிராட்லி பள்ளி ஆசிரியர். 1958 மியூனிக் விமான விபத்தில் ஆட்டக்காரர்களை இழந்து நின்ற மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு பிஷப் ஆக்லண்ட் அனுப்பி உதவிய மூவரில் இவரும் ஒருவர். மறு ஆண்டே இங்கிலாந்து அணிக்கு ஆடினார். தொலைவிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்துபோகும் இத்தகையவர்களால் நின்ற அணியை உள்ளூர்ச் சுரங்கத்தின் விளைச்சல் என்று கொண்டாடுவது மிகை.

இனி, 1974. அமெச்சூர் பிரிவு ஒழிந்ததுதான் லீக்கைக் கொன்றது என்றால், நான்கே ஆண்டுகளில் ப்ளைத் ஸ்பார்ட்டன்ஸ் செய்ததற்கு விளக்கமில்லை. எஃப்.ஏ. கோப்பையில் ஸ்டோக் சிட்டியை 3-2 என்று அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்து ஐந்தாம் சுற்றுக்கு வந்த அணி அது. ரெக்ஸ்ஹாமில் ஆட்டம் முடியும் நேரம் வரை 1-0 என்று முன்னிலையும் பெற்றிருந்தது. ரெக்ஸ்ஹாமுக்குக் கிடைத்த கார்னரில், உறைந்த தரையில் நிற்காமல் கொடிக்கம்பம் விழ, நடுவர் கார்னரை மறுபடி எடுக்கச் சொன்னார். அதில் கோல் விழுந்தது. மறு ஆட்டத்துக்கு நியூகாசிலில் 42,000 பேருக்கு மேல் கூடினார்கள். ப்ளைத் 2-1 என்று தோற்றது. செத்துப்போன லீக்கின் அணிக்கு இத்தனை கூட்டம் வராது.

சரிவுக்குக் காரணம் இரண்டு. ஒன்று வெளியிலிருந்து வந்தது: டர்ஹாம் மாவட்ட நிர்வாகத்தின் 1951 திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க ஊர்களை இனி வளர்க்கத் தேவையில்லாதவை என்று பட்டியலிட்டது, தொடர்ந்து சுரங்கங்களும் மூடப்பட்டன. மற்றது லீக்கின் சொந்தக் கை வேலை. 1968இல் நார்தர்ன் பிரீமியர் லீக்கும் 1979இல் அலையன்ஸ் பிரீமியர் லீக்கும் தோன்றி, கீழிருந்து மேல்வரை லீக்குகளை ஏணிப்படியாக அடுக்கும் ஏற்பாடு உருவானபோது, நார்தர்ன் லீக் சேர மறுத்துத் தனியே நின்றது. 1991இல் சேர்ந்தபோது மேல்படிகள் நிரம்பிவிட்டன. அது தன் தகுதிக்குக் கீழான படியில்தான் நின்றது என்பதற்குச் சான்று உண்டு: அந்தப் படிநிலையிலுள்ள அணிகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையை 2009 முதல் 2013 வரை ஐந்து ஆண்டுகளும் இந்த லீக்கின் அணிகளே வென்றன. அவற்றுள் ஒன்றான ஸ்பென்னிமூர் டவுன் 2010, 2011, 2012 என மூன்று முறை லீக் பட்டமும் வென்றிருந்தது. அது மேல்படிக்குப் போனது 2014இல், நான்காவது பட்டத்துக்குப் பிறகு.