அல்மொனாஸ்டர் குன்றின்மேல் ஒரு பள்ளிவாசல்

அந்தலுஸ் என்றதும் குர்துபாவின் பெரிய பள்ளிவாசலும் கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை மன்னர்கள் எழுப்பியவை. எளிய மக்கள் அணிவகுத்துத் தொழுத இடம் எவ்வாறு இருந்திருக்கும்? அதனைக் காணும் ஆவலோடுதான் தென் ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்திலுள்ள அல்மொனாஸ்டர் லா ரியல் என்னும் மலையூருக்குச் சென்றோம்.

கஷ்கொட்டை மரங்களும் தக்கை மரங்களும் அடர்ந்த அரசேனா மலைத்தொடரில், வெள்ளையடித்த வீடுகளுடன் ஊர் அமைந்துள்ளது. இவ்வட்டாரம் பன்றித் தொடைக்கறிக்குப் பெயர்பெற்றது. ஆதலால் ரொட்டியும் ஒலிவ எண்ணெயுமே நமக்கு நண்பகல் உணவாயின! ஊருக்கு மேலே, பழைய கோட்டை மதிலுக்குள் நிற்கிறது பள்ளிவாசல்.

ஹிஜ்ரி 92இல் (கி.பி. 711) தாரிக் இப்னு ஸியாத் அவர்கள் ஸ்பெயினில் கால்பதித்த பின், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, குர்துபா கிலாஃபத்தின் காலமான பத்தாம் நூற்றாண்டில் இது எழுந்தது. உள்ளே நுழைந்தால் மங்கிய ஒளி. செங்கல்லால் வளைத்த குதிரைலாட வளைவுகள் கூடத்தை ஐந்து பத்திகளாகப் பிரிக்கின்றன. நடுப்பத்தி சற்றே அகலமானது. தூண்கள் ஒன்றுபோல் ஒன்றில்லை. ரோமர் காலத்தனவும் விசிகோத்தியர் காலத்தனவுமான கற்களை எடுத்து ஆண்டிருக்கிறார்கள். இக்குன்றில் முன்னர்க் கிறித்தவ ஆலயம் ஒன்று இருந்தது. ‘அல்முனஸ்தீர்’ என்னும் அரபுப் பெயரே மடாலயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். நம் இழப்பைச் சொல்லும்போது இதனையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஊர் கிறித்தவர் வசமானது. பள்ளிவாசல் கன்னி மரியாளின் சிற்றாலயமாயிற்று, மினாரா மணிக்கூண்டாயிற்று. 1502இல் காஸ்டில் அரசு, மதம் மாறுக அல்லது வெளியேறுக என முஸ்லிம்களுக்கு ஆணையிட்டது. மாறியோரின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை நாடுகடத்தப்பட்டனர். தொழுதவர்கள் மறைந்தார்கள், கட்டடமோ பெரிதும் மாறாமல் நின்றது. வழிபாட்டிடமாக நீடித்ததே அதனைக் காத்தது என்று நாம் கருதுகிறோம். 1931இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அருகிலேயே, கோட்டைக்குள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய காளைப்போர்க் களம்! வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

ஒளூச் செய்வதற்கான சிறு முற்றத்தில் சிறிது நேரம் நின்றோம். வந்தவர்கள் யாவரும் காலணியுடனே உள்ளே சென்றனர். நாம் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். கிப்லாச் சுவரில் மிஹ்ராபு இன்றும் இருக்கிறது. பூச்சு உதிர்ந்து, கல்லும் செங்கல்லும் வெளியே தெரிகின்றன. ஸ்பெயினில் எஞ்சியுள்ள மிகப் பழைய மிஹ்ராபுகளுள் அதுவும் ஒன்று. இன்று அங்கே ஜமாஅத்துத் தொழுகை இல்லை. எனினும் ஊரார் அக்டோபர் மாதத்தில் இஸ்லாமியப் பண்பாட்டு விழா எடுத்து அந்நாள்களை நினைவுகூர்கின்றனர். அந்த மிஹ்ராபின் முன் நின்று, இங்கே தொழுது மறைந்த பெயரறியா மக்களுக்காகத் துஆச் செய்துவிட்டுக் குன்றிலிருந்து இறங்கினோம்.