காசநோய் மருந்து: புறநோயாளர் பிரிவில் வழங்கலும் பதிவும்

தாம்பரம் சானடோரியத்தில் 1928-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்கி வருகிறது. முற்காலத்தில் நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிச் சிகிச்சை பெற்றனர். வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் அதே பயன் கிடைக்கும் என்பதைச் சென்னையில் நடைபெற்று 1959-இல் வெளியான ஆய்வு நிறுவியது. எனவே இன்று பெரும்பாலானோர் புறநோயாளிகளாகவே சிகிச்சை பெறுகின்றனர். மருந்தைச் சரியாக வழங்குவதும் பதிவு செய்வதும் இச்சிகிச்சைக்கு அடிப்படையாகும்.

மருந்து வழங்கும் முறை

வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதல் 2 மாதங்களுக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் ஆகிய நான்கும் சேர்ந்த மாத்திரையும், அடுத்த 4 மாதங்களுக்குப் பைரசினமைடு நீங்கலான மாத்திரையும் இலவசமாக வழங்கப்படும். தினசரி மாத்திரைகளின் எண்ணிக்கை உடல் எடையைப் பொறுத்தது. எனவே ஒவ்வொரு வருகையிலும் எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யப்படுபவை

உங்கள் விவரங்கள் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்யப்பட்டு, அடையாள எண் வழங்கப்படும். மருந்து வழங்கிய நாளும் உட்கொண்ட விவரமும் குறிக்கப்படும். மாதம் ரூ.1,000 ஊட்டச்சத்து உதவித்தொகை பெறவும் இப்பதிவு தேவை.

தனியார் மருந்துக்கடைகளுக்கும் விதி உண்டு. இம்மருந்துகள் எச்1 அட்டவணையைச் சேர்ந்தவை. மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாது. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

மருந்து பெற்றதும் சரிபார்க்க வேண்டியவை

• சீட்டிலும் சிகிச்சை அட்டையிலும் உள்ள பெயரும் எண்ணும் உங்களுடையவையா?
• மாத்திரையின் பெயரும் காலாவதி நாளும் சரியா?
• அடுத்த வருகை வரை மருந்து போதுமா? 28 மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டை, நாளொன்றுக்கு 4 வீதம் உட்கொள்பவருக்கு 7 நாட்களுக்கே வரும்.

குறைபாடு இருப்பின், அங்கேயே மருந்தாளுநரிடம் கூறித் திருத்திக்கொள்ளுங்கள். காலியான மாத்திரை அட்டைகளை அடுத்த வருகையின்போது கொண்டு வாருங்கள்.

மருந்து தவறினால், ஊர் மாறினால்

ஒரு நாள் மருந்து தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ள வேண்டாம். சுகாதாரப் பணியாளரிடம் உண்மையைத் தெரிவியுங்கள். உட்கொள்ளாத மருந்தை உட்கொண்டதாகப் பதிவு செய்தால், நோய் குணமாகாததன் காரணத்தை மருத்துவர் அறிய இயலாது. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கோ, வேறு மாநிலத்திற்கோ குடிபெயர்ந்தாலும் நிக்ஷய் எண்ணைக் காட்டிச் சிகிச்சையைத் தொடரலாம். புறப்படும் முன்னரே மருத்துவமனையில் தெரிவியுங்கள்.

உடனடியாக மருத்துவரை அணுக

சிறுநீர் செம்மஞ்சள் நிறமாதல் ரிஃபாம்பிசினால் ஏற்படுவது, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால் தாமதிக்காதீர்கள்.

இலவச உதவி எண்கள்: 104, 1800-11-6666