எலும்பு உரைக்கும் சான்று

துப்பறியும் நாவல்களைப் படிப்பதில் மாணவப் பருவம் முதலே எனக்குப் பெருவிருப்பம் உண்டு. அவற்றில் அடிக்கடி வரும் காட்சி ஒன்றை நேயர்களும் அறிவீர்கள். மண்ணிலிருந்து மண்டையோடு ஒன்று எடுக்கப்படும். நிபுணர் அதைக் கையிலேந்தி ஒருமுறை நோக்குவார். உடனே இறந்தவர் இன்னார் என்று கூறிவிடுவார். 2005 முதல் 2017 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘போன்ஸ்’ என்னும் தொடரிலோ, கணிப்பொறியே இறந்தவரின் முகத்தை நொடிப்பொழுதில் உருவாக்கிக் காட்டியது. இஃது எவ்வளவு தூரம் உண்மை? வரலாற்றில் பதிவான வழக்கு ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

1935 செப்டம்பர் 29 அன்று, ஸ்காட்லாந்தில் மாஃபட் என்னும் ஊருக்கு அருகே, பாலம் ஒன்றின் கீழ், துணியிலும் செய்தித்தாளிலும் பொதிந்த மனித உடற்பகுதிகள் காணப்பட்டன. கொன்றவன் உடற்கூறு அறிந்தவன். அடையாளம் காட்டும் உறுப்புகள் பலவற்றைத் தேர்ந்து அகற்றியிருந்தான். கிளாஸ்கோ பேராசிரியர் ஜான் கிளெய்ஸ்டரும், எடின்பரோ பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷும் பிறரும் அப்பகுதிகளைப் பொறுமையுடன் பொருத்தி, இவை இரண்டு உடல்கள் எனக் கண்டனர்.

அவற்றுள் ஒன்று ஆணின் உடல் என்றே முதலில் கருதப்பட்டது. கதையில் வரும் நிபுணர் இவ்வாறு தவறுவதில்லை. அக்கருத்தே நிலைத்திருப்பின், இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரிலிருந்து காணாமற்போன இரு பெண்களை எவர் நினைத்திருப்பர்? மேலும் ஆராய்ந்தபோது இரண்டும் பெண்ணுடல்களே எனத் தெளிவாயிற்று. எலும்பு முனைகளின் இணைப்பும், மண்டையோட்டின் பொருத்துவாய்களும், பற்களும் வயதை உணர்த்தின. ஆயினும் அவை ஒரே எண்ணைச் சொல்லவில்லை. ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்ற எல்லையையே சொல்லின.

காணாமற்போனவர்கள், டாக்டர் பக் ரக்ஸ்டனின் மனைவி இசபெல்லாவும், பணிப்பெண் மேரி ராஜர்சனும் ஆவர். பம்பாயில் பிறந்த ரக்ஸ்டன் லங்காஸ்டரில் மருத்துவத் தொழில் புரிந்தவர். இசபெல்லாவின் பழைய புகைப்படம் ஒன்றில் அவர் தலையணி அணிந்திருந்தார். அந்த அணியையே அளவுகோலாகக் கொண்டு படத்தைப் பெரிதாக்கி, மண்டையோட்டின் படத்தின்மீது பிராஷ் பொருத்திப் பார்த்தார். ஒன்று பொருந்தியது, மற்றது பொருந்தவில்லை. அப்போதும் அவர், ‘இஃது அவரே’ என்று அறுதியிடவில்லை. ‘அவராக இருக்கக்கூடும்’ என்ற அளவிலேயே நின்றார்.

எஞ்சிய இடைவெளியைப் பிற சான்றுகள் நிரப்பின. பொதியில் இருந்த 1935 செப்டம்பர் 15 தேதியிட்ட செய்தித்தாள், லங்காஸ்டர் வட்டாரத்துக்கென அச்சிட்ட தனிப்பதிப்பு. ஓர் உடலின் விரல்ரேகைகள், மேரி அவ்வீட்டில் விட்டுச்சென்ற ரேகைகளோடு ஒத்தன. 1936 மார்ச்சில் மான்செஸ்டரில் விசாரணை நடைபெற்றது. மே 12-இல் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

ஆகவே, நாவலாசிரியர்கள் காட்டும் முறைகள் யாவும் பொய் என்று நான் கூற வரவில்லை. 1997-இல் முதல் நாவலை வெளியிட்ட கேத்தி ரைக்ஸ், தாமே எலும்பாய்வு நிபுணர். கதை மாற்றிவிடுவது இரண்டை: உழைப்பின் காலத்தையும், முடிவின் உறுதியையும். நாவலில் நிபுணர் தவறினால் ஓர் அத்தியாயம் கெடும். நீதிமன்றத்தில் தவறினால் ஓர் உயிர் போகும். தாம் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் மிகைபடக் கூறாத அந்தப் பேராசிரியர்களின் அடக்கத்தை, அறிவியல் பயிலும் இளைஞர்கள் மனத்திற் கொள்வார்களாக.