மண் கோப்பையும் கேப்டன் பதவியும்

இரட்டை டம்ளர் என்றதும் நமக்கு டீக்கடைதான் ஞாபகம் வரும். அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த எந்த தலித்துக்கும் அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த டம்ளருக்கு விளையாட்டு மைதானத்திலும் ஒரு வரலாறு உண்டு. அது நம் பாடப் புத்தகத்தில் இல்லை. நாள் முழுக்க கிரிக்கெட் பற்றியே பேசுகிற நம் பையன்களுக்கும் அது தெரியாது. புனா, பம்பாய் இந்து கிரிக்கெட் கிளப்புகளின் வரலாற்றுக்குள் அது ஒளிந்து கிடக்கிறது.

கிளப் என்பது முதலில் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்கிற இடம். அயர்லாந்தில் வெள்ளை ஆட்சிக்கு எதிரான உணர்வோடு 1884இல் ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். மட்டை பிடித்து ஆடுகிற அவர்களுடைய பழைய ஆட்டமான ஹர்லிங்கை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அங்கே மாதா கோயில் பங்குதான் கிளப்புக்கு எல்லை. ஒரு பங்கில் இருக்கிறவன் அந்தப் பங்கின் அணிக்கு ஆடுவான். நம் நாட்டில் ஒரே ஊர் என்பதே இல்லையே! ஊர் ஒரு பக்கம், வளவும் சேரியும் இன்னொரு பக்கம். பம்பாயிலும் கிளப்புகள் மதம் பார்த்தும் சாதி பார்த்தும்தான் பிறந்தன. 1848இல் பார்சிகள் ஆரம்பித்தார்கள். 1866இல் இந்துக்கள் ஆரம்பித்தார்கள். 1894இல் இந்து ஜிம்கானா வந்தது. 'இந்து' என்று பெயர் வைத்தாகிவிட்டது. அந்த இந்துவுக்குள் நாம் உண்டா என்ற கேள்வி ஒரு பந்துவீச்சாளர் வடிவத்தில் வந்து நின்றது.

அவர் பல்வாங்கர் பாலு. 1876இல் தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்ய விதிக்கப்பட்ட சம்பார் சாதி. அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. நம் பக்கத்து அருந்ததிய மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. கவலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்த கைகள் அவர்களுடையவை. அந்தத் தோல் வழியே வந்த தண்ணீர் பண்ணையத்துக்கு ஆகும். தைத்தவன் கிணற்றைத் தொட்டால் தீட்டு. கிரிக்கெட் பந்தும் தோல்தான்.

புனாவில் பார்சிகளின் கிளப்பில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பராமரிக்கிற வேலை பார்த்தார் பாலு. 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் புனா கிளப்புக்கு 4 ரூபாய்க்குப் போனார். உருளை இழுக்க வேண்டும், வலை கட்ட வேண்டும், கோடு போட வேண்டும். அப்புறம் துரைமார் பழகுவதற்குப் பந்தும் போட வேண்டும். இடது கைச் சுழல் பந்தை அங்கேதான் மணிக்கணக்காகப் போட்டுத் தேறினார். மட்டையை மட்டும் அவர் கையில் ஒருவரும் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எஜமான் வேலை, பந்து போடுவது கூலி வேலை.

வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை புனா இந்துக்களுக்கு வந்தபோதுதான் பாலு அவர்கள் கண்ணில் பட்டார். எடுத்துக்கொண்டார்கள். எப்படி? களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களுக்குப் பெவிலியனுக்குள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் கோப்பை. தண்ணீர் கொடுக்கவும் ஒரு தீண்டப்படாத ஆள்தான் வர வேண்டும். சாப்பாடும் தனி. பந்து தீட்டாகாது, கோப்பை தீட்டாகிவிடும்! சாதிக்கு எங்கே லாபம் இருக்கிறதோ அங்கே தீட்டு விலகிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிறகு பாலு பம்பாய் போனார். இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்க்கக்கூடாது என்று முணுமுணுப்பு எழுந்தது. அதை மீறித்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியர் அணியை 109 ரன்னில் தோற்கடித்தார்கள். அந்த வெற்றியில் பாலுவின் பந்துக்குப் பெரும் பங்கு இருந்தது. பம்பாயில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாதி தளர்கிறது என்று சீர்திருத்தப் பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதின. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அந்தப் பயணத்தில் பாலு 114 விக்கெட் எடுத்தார். தம்பி சிவராமும் கூடப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு விழா எடுத்தார்கள். அப்போது மாணவராக இருந்த அம்பேத்கருக்கும் பாலு மேல் பெரிய மதிப்பு உண்டு.

சரி, சாப்பாட்டுப் பந்தி கிடைத்துவிட்டது. தலைமை? அதுதான் கிடைக்கவில்லை. அணியில் மூத்தவர், சிறந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆளைக் கேப்டனாக்க இந்து ஜிம்கானாவுக்கு மனம் வரவில்லை. வருஷா வருஷம் வேறு ஆளைத் தேடினார்கள். 1920இல் பாலுவை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வழக்கமான கேப்டன் எம்.டி. பய் உடல்நலமில்லாமல் இருந்தபோது பாலுவின் தம்பிகளைத் தாண்டி டி.பி. தேவ்தர் என்ற பிராமணரிடம் தலைமையைக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் விட்டலும் சிவராமும் "நாங்கள் ஆட மாட்டோம்" என்று வெளியேறினார்கள். கமுக்கமாக ஒதுங்கிப் போகவில்லை, சாதிதான் காரணம் என்று ஊரறிய எழுதிவிட்டுப் போனார்கள். நகரமே பேசியது. ஜிம்கானா இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பாலுவைத் திரும்ப அழைத்துத் துணைக் கேப்டன் ஆக்கினார்கள். பய் கொஞ்ச நேரம் களத்தை விட்டுப் போனபோது அணியைப் பாலு நடத்தினார். 1923இல் விட்டல் முழுக் கேப்டனாகவே ஆனார். அந்த ஆண்டு இந்துக்கள் கோப்பையை ஜெயித்தார்கள்.

நாம் படித்துக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. திறமை இருந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நமக்குத் தினமும் உபதேசம் செய்கிறார்கள். பாலுவின் திறமை 114 விக்கெட். அத்தனையும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் கொடுத்தது பந்தியில் ஓர் இலை. தலைமைக்கான கதவு திறந்தது இரண்டு பேர் "வர மாட்டோம்" என்று உட்கார்ந்தபோதுதான். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவனுக்கு இது சொல்லாமலே புரியும். கையை நிறுத்தும்போதுதான் கை யாருடையது என்று முதலாளி திரும்பிப் பார்ப்பான்.

வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1932இல் தனித் தொகுதிப் பிரச்சினை வந்தபோது பாலு அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. நம் எம்.சி. ராஜாவைப் போலவே கூட்டுத் தொகுதிக்கு ஆதரவாக நின்றார். புனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலுதான். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. இதைச் சொல்லி அவரைத் துரோகி என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 'இந்து' என்ற அணிக்குள்ளே நின்றுகொண்டே இடம் வாங்க முடியும் என்று அந்த மனிதர் நம்பினார், தன் வாழ்க்கையை வைத்தே நம்பினார். இடம் வாங்கவும் செய்தார். ஆனால் கதவைத் திறப்பதா மூடுவதா என்ற அதிகாரம் கடைசிவரை ஜிம்கானாவிடம்தான் இருந்தது. அம்பேத்கர் கேள்வி கேட்டது அந்த அதிகாரத்தைத்தான். 1955இல் பாலு இறந்தார். அடுத்த ஆண்டு அம்பேத்கர் இந்து என்ற பெயரையே உதறிவிட்டுப் பௌத்தம் தழுவினார்.

பாலுவின் கதை நமக்குக் கிடைத்ததற்கு ஒரு காரணம், விட்டல் 1948இல் மராத்தியில் தன் வரலாற்றை எழுதி வைத்தார். நம்மிடம் என்ன இருக்கிறது? பொங்கலுக்குப் பொங்கல் சடுகுடு, வாலிபால், டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கிறது. அம்பேத்கர் படம் போட்ட பனியனைச் சொந்தக் காசில் அச்சடித்துக்கொண்டு காலனிப் பையன்கள் ஆடப் போகிறார்கள். வாரம் ஆறு நாள் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைதான் மைதானம். ஜெயித்த அன்று ஊர்க்காரன் முகம் எப்படி மாறியது, கோப்பையை யார் கையால் கொடுத்தார்கள், எந்த வருஷம் கைகலப்பு, எந்த வழக்கில் யார் ஜெயிலுக்குப் போனார்கள், எந்த ஊரில் இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே அணியாக ஆடியது, அது எப்போது உடைந்தது, ஏன் உடைந்தது? இதெல்லாம் வயசானவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. படிக்கிற தம்பிகளும் தங்கச்சிகளும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரவர் காலனியிலேயே கேட்டு எழுத ஆரம்பியுங்கள். முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். "உங்க காலத்துல கேப்டன் யாருங்க? ஆட்டம் முடிஞ்சு தண்ணி எங்க குடிச்சீங்க?"